மேசைக்கடியில் இரைவது யார்?

வா கண்ணு, பக்கத்தில் உட்கார். இன்றைக்கு ஒரு சத்தத்தைப் பற்றிப் பேசப் போகிறோம்.

கம்ப்யூட்டரில் கார் பந்தயமோ கால்பந்தோ விளையாடியிருக்கிறாயா? விளையாட்டு தொடங்கிய சற்று நேரத்தில் கேபினெட்டுக்குள்ளிருந்து ‘உஸ்ஸ்...’ என்று ஓர் இரைச்சல் கிளம்பும். விளையாட்டை மூடிவிட்டால் கொஞ்ச நேரத்தில் அடங்கிப் போகும். ‘இது ஏன்?’ என்று உனக்குத் தோன்றியிருக்கிறதா? சபாஷ்! தினமும் காதில் விழுந்தாலும் அதைக் கேள்வியாக மாற்றுகிறவர்கள் ரொம்பக் குறைவு. நீ அந்தச் சிலரில் ஒருத்தர்.

அந்த இரைச்சலில் பெரும்பங்கு கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கும் ஃபேன்களிலிருந்து வருகிறது. திரையில் தெரிகிற படத்தை வரைந்து கொடுப்பதுதான் கிராஃபிக்ஸ் கார்டின் வேலை. அது எவ்வளவு பெரிய வேலை தெரியுமா?

ஃபுல் எச்.டி. திரையில் குறுக்கே 1920 புள்ளிகள். மேலிருந்து கீழே 1080 புள்ளிகள். இரண்டையும் பெருக்கு பார்ப்போம். 20,73,600 வருகிறதா? விளையாட்டு தடங்கல் இல்லாமல் ஓட வேண்டுமானால், அத்தனை புள்ளிகளுக்கும் வினாடிக்கு 60 தடவையாவது புதிதாக நிறம் கணக்குப் போட வேண்டும். ஒரே வினாடியில் 12 கோடிக்கு மேல்!

இத்தனை கணக்குக்கும் மின்சாரம் வேண்டும். 2016-ல் வந்த என்விடியா நிறுவனத்தின் ஜிடிஎக்ஸ் 1080 கார்டுக்கு 180 வாட். 2022-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090-க்கு 450 வாட். 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 5090-க்கு 575 வாட். உன் வீட்டில் ஓடும் பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட்தான் இழுக்கும். அப்படியானால் 4090 ஒன்று மட்டும் எத்தனை சீலிங் ஃபேன்களுக்குச் சமம்? ஆறு!

உள்ளே போன அந்த மின்சாரம் என்ன ஆகிறது? ஏறக்குறைய முழுவதும் சூடாக மாறிவிடுகிறது. அந்தச் சூடு பிறக்கும் இடமோ, உன் உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய ஒரு சின்னச் சிப். சூட்டை அங்கேயே விட்டால் சிப் கெட்டுப் போகும். அதனால் சிப்பின் தலையில் செம்புக் குழாய்களை வைத்து அழுத்தியிருப்பார்கள். அந்தக் குழாய்க்குள் துளியூண்டு நீர் இருக்கும். சூடான முனையில் நீர் ஆவியாகும். ஆவி அடுத்த முனைக்கு ஓடும். அங்கே குளிர்ந்து மறுபடியும் நீராகித் திரும்பி வரும். குழாய் கொண்டுவந்த சூட்டை மெல்லிய அலுமினியத் தகடுகள் வாங்கிக்கொள்ளும். அந்தத் தகடுகளுக்கு நடுவே காற்றை ஊதித் தள்ளுவதுதான் ஃபேனின் வேலை.

இதுவரை புரிந்ததா? வேலை கூடினால் மின்சாரம் கூடும். மின்சாரம் கூடினால் சூடு கூடும். சூடு கூடினால் ஃபேன் வேகமாகச் சுற்றும். ஃபேன் வேகமாகச் சுற்றினால் சத்தம். நல்லது, மேலே போவோம்.

ஃபேன் ஏன் சத்தம் போடுகிறது? அதன் றெக்கை காற்றை வெட்டிக்கொண்டு போகும்போது, பின்னால் சின்னச் சின்னக் காற்றுச் சுழல்கள் உண்டாகின்றன. அவை சுற்றியுள்ள காற்றை நடுங்க வைக்கின்றன. அந்த நடுக்கம் உன் காதுக்கு வந்து சேரும்போது ‘உஸ்ஸ்’ என்று கேட்கிறது.

இப்போது எழுந்து போய் உன் வீட்டு சீலிங் ஃபேன் ரெகுலேட்டரை 1-ல் வை. கேட்கிறதா? ஒன்றுமே இல்லை. 5-ல் வை. சுவரில் காலண்டர் தாள் படபடக்கிறது, ஃபேனும் இரைகிறது. வேகத்துக்கும் சத்தத்துக்கும் உள்ள உறவை ஃபேன் செய்யும் பொறியாளர்கள் ஒரு கணக்காகவே வைத்திருக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு அது. கவனமாகக் கேள்.

ஒரு ஃபேனின் வேகத்தை இரண்டு மடங்கு ஆக்கினால், அது தள்ளும் காற்றும் இரண்டு மடங்குதான் ஆகும். ஆனால் சத்தத்தின் ஆற்றல் ஏறக்குறைய 30 மடங்கு ஆகிவிடும்! காற்று இரண்டு, சத்தம் முப்பது. எவ்வளவு மோசமான பேரம் பார்த்தாயா?

இதையே திருப்பிப் போட்டால் அருமையான வழி ஒன்று கிடைக்கிறது. ஒரு ஃபேனை முழு வேகத்தில் ஓட்டுவதற்குப் பதிலாக, அதே மாதிரி இரண்டு ஃபேன்களைப் பாதி வேகத்தில் ஓட்டு. கிடைக்கும் காற்று கிட்டத்தட்ட அதேதான். சத்தத்தின் ஆற்றலோ, இரண்டையும் சேர்த்தால்கூட, பதினைந்தில் ஒரு பங்குக்குப் பக்கமாக இறங்கிவிடும். இப்போதைய பெரிய கார்டுகளில் மூன்று ஃபேன்கள் வரிசையாக நிற்பதைக் கடையில் பார்த்திருப்பாய். அது அழகுக்காக என்று நினைத்திருந்தால், உண்மைக் காரணம் இதுதான். என்விடியா தானே செய்து விற்ற 4090 கார்டின் நீளம் 304 மில்லிமீட்டர். உன் பையிலிருந்து 30 செ.மீ. ஸ்கேலை எடுத்துப் பார். ஏறத்தாழ அவ்வளவு நீளம்! தகடுகளும் ஃபேன்களும் பெரிதாக இருந்தால்தானே மெதுவாகச் சுற்ற முடியும்?

சின்ன ஃபேனை வேகமாகச் சுற்றவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 2003-ல் என்விடியாவின் ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா என்ற கார்டு கடைக்கு வந்தது. கேபினெட்டின் பின்பக்கத்திலிருந்து வெளிக்காற்றை இழுத்து, தகடுகளின் ஊடே ஓட்டி, மறுபடியும் பின்பக்கமாகவே வெளியே தள்ளும்படி அதற்கு ஒரு பிளாஸ்டிக் கூண்டு வைத்திருந்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஃபேன் சின்னது. விளையாட்டு தொடங்கியதும் அது போட்ட கூச்சலில் ஆட்கள் அதற்கு ‘டஸ்ட்பஸ்டர்’ என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அமெரிக்க வீடுகளில் கையில் பிடித்துத் தூசி உறிஞ்சும் சின்ன வாக்குவம் கிளீனருக்கு அந்தப் பெயர். என்விடியாக்காரர்களே அந்த கார்டை, தோட்டத்தில் விழுந்த இலைகளை ஊதித் தள்ளும் கருவியாகக் காட்டி ஒரு வேடிக்கை வீடியோ எடுத்தார்கள். தங்கள் பொருளின் குறையைத் தாங்களே சொல்லிச் சிரித்த அந்த மனசு எனக்குப் பிடிக்கும். அதே ஆண்டில் அடுத்த கார்டான 5900 வந்தபோது, அந்தக் கூண்டை விட்டுவிட்டுச் சத்தம் குறைந்த வேறு ஏற்பாட்டுக்கு மாறினார்கள்.

சரி கண்ணு, ‘இந்த கார்டு அதிகச் சத்தம், அந்த கார்டு குறைவு’ என்று எப்படி உறுதியாகச் சொல்வது? அளக்க வேண்டும். சத்தத்தை அளப்பது டெசிபல் கணக்கில். இரவில் யாரும் பேசாத படுக்கையறை சுமார் 30 டெசிபல். இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொண்டால் 60 டெசிபல் பக்கம்.

டெசிபல் கொஞ்சம் குறும்புக்கார அளவு. ஒரு கார்டு 40 டெசிபல் என்று வைத்துக்கொள். அதன் பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொரு 40 டெசிபல் கார்டு. இரண்டும் சேர்ந்தால் எத்தனை? 80 என்கிறாயா? இல்லை, 43தான்! டெசிபலில் 10 கூடினால் சத்தத்தின் ஆற்றல் 10 மடங்கு கூடுகிறது என்று பொருள். 20 கூடினால் 100 மடங்கு. ஆற்றல் இரண்டு மடங்கு ஆவதற்கு 3 டெசிபல் கூடினாலே போதும். அதனால்தான் 40-ம் 40-ம் 43.

ஆற்றல் பத்து மடங்கு ஆனால் காதுக்கும் பத்து மடங்கு கேட்குமா? அதுவும் இல்லை. 10 டெசிபல் கூடினால், நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத்தான் தோன்றும். இந்தப் பத்தியை இன்னொரு தடவை வேண்டுமானாலும் படி. பெரியவர்களே இதில் தடுமாறுவார்கள்.

இப்போது உனக்கு ஒரு புதிர். ஒரு கார்டின் பெட்டியில் 38 டெசிபல் என்று எழுதியிருக்கிறது. இன்னொன்றைச் சோதித்தவர் 50 டெசிபல் என்கிறார். எது சத்தம் குறைவு?

‘முதல் கார்டுதான்!’ என்று உடனே சொல்லிவிடாதே. சந்தையில் ஒரு கடைக்காரர் மாம்பழத்தைக் கிலோ கணக்கிலும், அடுத்த கடைக்காரர் டஜன் கணக்கிலும் விற்கிறார் என்றால், விலையை மட்டும் கேட்டு எது மலிவு என்று சொல்ல முடியுமா? ஒரு டஜன் எத்தனை கிலோ நிற்கும் என்று முதலில் பார்க்க வேண்டாமா? டெசிபலும் அப்படித்தான். எவ்வளவு தூரத்தில் வைத்து அளந்தார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கு ஆகும்போதெல்லாம் சத்தம் 6 டெசிபல் குறையும். 25 செ.மீ. தூரத்தில் 50 டெசிபல் காட்டும் கார்டு, 50 செ.மீ. தூரத்தில் 44 காட்டும். 1 மீட்டரில்? 38! ஆக, அந்த இரண்டு கார்டுகளும் ஒரே சத்தமாகவே இருக்கலாம். ஒருவர் மைக்கைக் கார்டின் பக்கத்தில் வைத்தார், மற்றவர் ஒரு மீட்டர் தள்ளி வைத்தார். வேறுபாடு அவ்வளவுதான். தூரம் எழுதாத டெசிபல் எண்ணை நான் நம்புவதே இல்லை.

அறையின் சொந்தச் சத்தமும் குறுக்கே வரும். அறை 35 டெசிபல், கார்டும் 35 டெசிபல் என்றால் சத்தம் அளக்கும் மீட்டர் 38 காட்டும். பாவம், கார்டு செய்யாத குற்றமும் அதன் தலையில் விழும். அதனால்தான் கவனமாக அளப்பவர்கள், கார்டைவிடக் குறைந்தது 10 டெசிபலாவது அமைதியான அறையைத் தேடுவார்கள். அமெரிக்காவில் ரெட்மண்ட் என்ற ஊரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஓர் எதிரொலியில்லா அறை கட்டி வைத்திருக்கிறது. சுவர், கூரை, தரைக்கு அடியில் எல்லாம் ஆப்பு வடிவ நுரைப் பஞ்சு. நிற்பதற்குக் கம்பி வலைத் தளம். 2015-ல் அங்கே அளந்தபோது சுழியத்துக்குக் கீழே 20 டெசிபல் காட்டியது! சுழியம் என்பது நல்ல காது கேட்கக்கூடிய மிகச் சின்னச் சத்தத்தின் அளவு. அதற்கும் கீழே என்றால் அங்கே எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்.

தூரமும் அறையும் சரியாகிவிட்டன. இப்போது இரண்டு கார்டுகளையும் அளந்துவிடலாமா? கொஞ்சம் பொறு. இன்னொரு சிக்கல் இருக்கிறது.

2013 அக்டோபரில் ஏஎம்டி நிறுவனம் ரேடியான் ஆர்9 290எக்ஸ் என்ற கார்டை வெளியிட்டது. அதன் மேல்விளிம்பில் நகத்தால் தள்ளக்கூடிய ஒரு குட்டி ஸ்விட்ச் இருந்தது. ஒரு பக்கம் தள்ளினால் அமைதி நிலை: ஃபேன் தன் வேகத்தில் 40 விழுக்காட்டைத் தாண்டாது. மறுபக்கம் தள்ளினால் 55 விழுக்காடு வரை போகலாம். கார்டு ஒன்றுதான். ஆனால் சத்தம் இரண்டு விதம். இந்த கார்டின் சத்தம் எவ்வளவு என்று கேட்டால் எதைச் சொல்வாய்?

அமைதி நிலையில் சத்தம் குறைந்தது உண்மைதான். அதற்கு ஒரு விலையும் உண்டு. சிப் 95 டிகிரி செல்சியஸைத் தொட்டதும், அதற்கு மேல் சூடாகாமலிருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். படம் கொஞ்சம் மெதுவாக வரும். பார்த்தாயா? சத்தம், சூடு, வேகம் மூன்றும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கின்றன. மூன்றில் ஒன்றை மட்டும் எழுதிக்கொண்டு வருகிறவர் உனக்கு முழுக் கதையைச் சொல்லவில்லை. பிறகு வேறு நிறுவனங்கள் இதே சிப்பின் மேல் பெரிய தகடுகளும் இரண்டு மூன்று ஃபேன்களும் வைத்து விற்றார்கள். சூடும் குறைந்தது, சத்தமும் குறைந்தது. சிப் அதேதான். குளிர்விக்கும் விதம்தான் மாறியது.

அப்படியானால் நியாயமான போட்டியை எப்படி நடத்துவது? இங்கேதான் சோதனைக்காரர்கள் ஒரு கெட்டிக்கார வேலை செய்கிறார்கள். எனக்கு இந்தப் பேச்சிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அவர்கள் கேள்வியையே திருப்பிப் போடுகிறார்கள். ‘எது அதிகச் சத்தம்?’ என்று கேட்பதில்லை. முதலில் எல்லா கார்டுகளின் சத்தத்தையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். ஒரே அறை, ஒரே தூரம். ஒவ்வொரு கார்டின் ஃபேன் வேகத்தையும் கையால் கூட்டிக் குறைத்து, மீட்டர் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைக் காட்டும்படி வைக்கிறார்கள். 35 டெசிபல் என்றால் எல்லாமே 35. பிறகு எல்லா கார்டுகளுக்கும் ஒரே அளவு வேலை கொடுத்து, சூடு ஏறி ஓரிடத்தில் நிலைக்கும்வரை காத்திருக்கிறார்கள். கடைசியில் பார்ப்பது வெப்பத்தை! ஒரே சத்தத்தில் எது குறைந்த சூட்டில் நிற்கிறதோ, அதுதான் நன்றாகக் குளிர்விக்கும் கார்டு. அந்த கார்டு வேண்டுமானால் ஃபேனை இன்னும் மெதுவாகச் சுற்றலாம். இன்னும் அமைதியாக இருக்கலாம்.

புரிந்ததா கண்ணு? சத்தத்தை ஒப்பிடச் சத்தத்தைப் பூட்டிவிட்டுச் சூட்டை அளக்கிறார்கள்.

அறையின் வெப்பத்தையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்வார்கள். காற்று 25 டிகிரி இருக்கும்போது 70 டிகிரியில் நிற்கும் சிப், கத்திரி வெயிலில் அறை 35 டிகிரி இருந்தால் 80 டிகிரி பக்கம் போய்விடும். கார்டில் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டு நாளிலும் அறைக்கும் சிப்புக்கும் உள்ள வித்தியாசம் 45 டிகிரிதான். அதனால் அந்த வித்தியாசத்தைத்தான் ஒப்பிட வேண்டும்.

இவ்வளவு அளந்த பிறகும், எண்ணுக்குள் அடங்காத ஒன்று இருக்கிறது: சத்தத்தின் குணம். 35 டெசிபல் ‘உஸ்ஸ்’ காதை உறுத்தாது. அதே 35 டெசிபலில் ‘ஙீஈஈ’ என்று ஒரே சுருதியில் வந்தால் தலைவலி வந்துவிடும். நம் காது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை, அதாவது வினாடிக்கு அத்தனை தடவை அதிரும் ஒலிக்கு மிகவும் கூர்மையானது. ஆழ்ந்த ‘ஹூம்’ ஒலிக்கு அவ்வளவு கூர்மை போதாது. அதற்கு ஏற்றபடி மீட்டரும் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துக் காட்டும்படி ஓர் ஏற்பாடு உண்டு. அளவுக்குப் பின்னால் ‘ஏ’ என்று ஓர் எழுத்து இருந்தால் அப்படி அளந்தது என்று புரிந்துகொள்.

சுருதி எங்கிருந்து வருகிறது? ஒன்பது றெக்கை உள்ள ஃபேன், நிமிடத்துக்கு 1800 சுற்று சுற்றுகிறது என்று வை. வினாடிக்கு 30 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்பது றெக்கைகள் ஓரிடத்தைத் தாண்டிப் போகின்றன. 30-ஐ 9-ஆல் பெருக்கினால் 270. அந்த ஃபேனின் சுருதி 270 ஹெர்ட்ஸ். பக்கத்து ஃபேன் 1820 சுற்று சுற்றினால் அதன் சுருதி 273. இரண்டும் சேரும்போது வினாடிக்கு மூன்று தடவை ஒலி ஏறி இறங்கும். ‘வூம்... வூம்... வூம்...’ என்று கேட்கும். மீட்டர் இதைப் பெரிதாகக் காட்டாது. உன் காது உடனே கண்டுபிடித்துவிடும்.

ஃபேனே சுற்றாதபோதும் சில கார்டுகள் ‘கீச்ச்’ என்று மெல்லிய ஒலி எழுப்பும். பேய் இல்லை, பயப்படாதே! கார்டில் மின்சாரத்தைச் சீராக்கும் சின்னச் சின்னச் சுருள்கள் உண்டு. அவற்றின் வழியே மின்சாரம் வேகமாகக் கூடிக் குறையும்போது காந்த விசையும் கூடிக் குறைந்து சுருளை அதிர வைக்கும். அந்த அதிர்வுதான் கீச்சொலி. வேலை குறைவாக இருக்கும்போது ஃபேனை அடியோடு நிறுத்திவைக்கும் கார்டுகள் இப்போது நிறைய வந்துவிட்டதால், முன்பெல்லாம் ஃபேன் இரைச்சலில் மறைந்துபோன இந்தக் கீச்சு இப்போது தெளிவாகக் கேட்கிறது.

உன் வீட்டில் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாவிட்டாலும் நீ சோதனை செய்யலாம். மேசை ஃபேன் ஒன்று போதும். அப்பா அம்மாவின் போனில் சத்தம் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுத் தரச் சொல். போன் காட்டும் எண் துல்லியமாக இராது. ஆனால் ஒரே போனை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். ஃபேன் காற்று நேராக மைக்கில் அடித்தால் அளவு கெட்டுவிடும். அதனால் போனைப் பக்கவாட்டில் பிடி. 25 செ.மீ., 50 செ.மீ., 1 மீட்டர் என்று மூன்று இடத்தில் அளந்து எழுது. அறைச் சுவர்களில் சத்தம் பட்டுத் திரும்புவதால் ஒவ்வொரு தடவையும் சரியாக 6 குறையாது. எவ்வளவு குறைகிறது என்று நீயே பார். ஃபேன் கூண்டுக்குள் விரலை மட்டும் விட்டுவிடாதே, ராஜா.

அப்படியே ஒரு கணக்கும் போட்டுவிடு. மேசை ஃபேனுக்கு மூன்று றெக்கை, நிமிடத்துக்கு 1200 சுற்று என்றால் அதன் சுருதி எத்தனை ஹெர்ட்ஸ்? விடையை எழுதி வைத்துவிட்டு, வேகத்தை ஒரு படி குறைத்து மறுபடி கேட்டுப் பார். சுருதி ஏறுகிறதா, இறங்குகிறதா?